கவுன்டருக்கு இந்தப் பக்கம்

‘‘அது தனியா வராதுங்க... அசெம்பிளியாத்தான் வரும்!’’

திருப்பூரில் ஓர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை கவுன்டரில் நானும் நண்பரும் நின்றுகொண்டிருந்தபோது எங்களுக்குக் கிடைத்த பதில் இது. கடையின் பெயர் வேண்டாம். இதே பதிலை நீங்களும் உங்கள் ஊரில், உங்களுக்குப் பழக்கமான கடையில் வாங்கிக்கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

நண்பர் சொந்தமாக ஒரு குட்டி லோடு வண்டி வைத்திருக்கிறார். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. கியர் லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கம்பியின் மூட்டில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும். அது தேய்ந்து தேய்ந்து ஒருநாள் உடைந்துவிட்டது. கியர் விழவில்லை. கியர் விழாவிட்டால் வண்டி ஏது? உடைந்த துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார், கோயில் விபூதி மாதிரி!

முதல் கடையில் ‘‘எந்த வருஷ மாடல்?’’ என்றார்கள். சொன்னோம். ‘‘எந்த மாசம்?’’ அதையும் சொன்னோம். ‘‘சேஸிஸ் நம்பர்?’’ ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவர நண்பர் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தால், பேசிக்கொண்டிருந்தவர் சாப்பிடப் போய்விட்டார். அவருக்குப் பதில் உட்கார்ந்திருந்தவர் மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். ‘‘எந்த வருஷ மாடலுங்க?’’

இரண்டாவது கடையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, ‘‘இதேதானுங்க’’ என்று கையில் திணித்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் பிரித்து மாட்டிப் பார்த்தால், ஓட்டை சின்னது. திருப்பிக் கொடுக்கப் போனோம். கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. தலைக்கு மேலே தொங்கிய போர்டை விரலால் காட்டினார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’

மூன்றாவது கடைதான், மேலே சொன்ன அசெம்பிளி கடை. அந்த நகத்தளவு புஷ் வேண்டுமென்றால் கம்பி, மூட்டு, லீவர் என்று முழு செட்டையும் வாங்க வேண்டுமாம். விலை ஆயிரக்கணக்கில். அதுவும் கையில் ஸ்டாக் இல்லை. ‘‘அட்வான்ஸ் கட்டிட்டுப் போங்க. பத்து நாள்ல வந்துரும்.’’

பத்து நாள்! திருப்பூரில் ஒரு லோடு வண்டி பத்து நாள் நிற்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. கொஞ்சம் சொல்கிறேன்.

நீங்கள் போட்டிருக்கிற பனியனை ஒரே கூரைக்குக் கீழே செய்கிற கம்பெனிகளும் உண்டுதான். ஆனால், பெரும்பாலான பனியன்கள் ஊரைச் சுற்றி வந்த பிறகுதான் உங்கள் உடம்புக்கு வருகின்றன. நூல் ஓரிடத்திலிருந்து நிட்டிங் மெஷினுக்குப் போகும். நிட்டிங் முடிந்த துணி சலவைக்கும் சாயத்துக்கும் வேறு இடம் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம் கட்டிங். வெட்டின பீஸ்கள் பிரின்ட்டிங் பட்டறைக்கு ஒரு நடை, எம்பிராய்டரிக்கு ஒரு நடை. தைக்க ஒரு இடம், காஜா பட்டன் ஒரு இடம், செக்கிங், அயர்னிங், பேக்கிங்... ஒவ்வொன்றும் ‘ஜாப் ஒர்க்’. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வண்டி. மொபெட்டின் முன்னும் பின்னும் மூட்டையைக் கட்டி, நடுவில் மனுஷன் தெரியாமல் போகிற காட்சியை மங்கலம் ரோட்டிலோ காங்கேயம் ரோட்டிலோ ஐந்து நிமிடம் நின்றால் பார்க்கலாம்.

ஆக, இந்த ஊரின் மிகப்பெரிய ‘கன்வேயர் பெல்ட்’ எது தெரியுமா? தெருவில் ஓடும் இந்த வண்டிகள்தான்! ஒன்று நின்றால், அந்த வண்டியை நம்பியிருக்கும் தையல் யூனிட்டில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நண்பருக்கோ, வாடிக்கை போகும். ஒரு வாரம் வராத வண்டியை எந்த கம்பெனி நினைவில் வைத்திருக்கும்? மாதத் தவணை மட்டும் மறக்காமல் வந்து நிற்கும்.

ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ராஜாவாகவும், இந்தப் பக்கம் பணத்தோடு நிற்பவர் மனு கொடுக்க வந்தவர் மாதிரியும் ஆனது எந்தக் காலத்தில்? இதற்குப் பதில் தேடினால், ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தப் பிரச்னையே இல்லை. அச்சாணி போனால் ஊர் ஆசாரி. அவர் இழைத்துக் கொடுப்பது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே பொருந்தும். உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. துப்பாக்கிகூட அப்படித்தான்! ஒவ்வொன்றையும் கொல்லன் தனித்தனியாக அரம் போட்டு ராவி, பொருத்தினான். ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றில் ஏறாது. போர்க்களத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் முழுத் துப்பாக்கியும் வேஸ்ட்.

1785-ம் வருடம். பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் தாமஸ் ஜெஃபர்ஸன். ஆமாம், பிற்பாடு ஜனாதிபதியானாரே, அவரேதான். அங்கே ஹொனோரே பிளாங்க் என்கிற துப்பாக்கித் தொழிலாளி அவரை அழைத்து, துப்பாக்கியின் விசைப்பகுதிகள் ஐம்பதைத் தனித்தனி பாகமாகப் பிரித்துப் பரப்பி வைத்தார். ஜெஃபர்ஸன் கைக்கு அகப்பட்டதை எல்லாம் எடுத்து, தானே மாட்டிப் பார்த்தார். எது எதோடும் பொருந்தியது! அசந்துபோன மனுஷர் உடனே ஊருக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் குறிப்பிட்டுச் சொன்ன நன்மை, ஆயுதம் பழுதானால் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்பது. கவனியுங்கள்... ‘நிறைய தயாரிக்கலாம், நிறைய லாபம் பார்க்கலாம்’ என்றல்ல, ரிப்பேர்தான் அவருக்கு முதலில் தோன்றியிருக்கிறது.

அமெரிக்காவில் இதைச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பியவர் எலி விட்னி. பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரத்தால் பெயர் பெற்ற அதே விட்னி. திருப்பூர்க்காரர்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்லலாம்! இரண்டு வருடத்தில் பத்தாயிரம் துப்பாக்கி தருவதாக 1798-ல் அரசாங்கத்திடம் ஒப்பந்தம் போட்டார். கொடுத்து முடித்தது 1809-ல். ‘பத்து நாள்ல வந்துரும்’ கதை அப்போதே ஆரம்பம்! நடுவில், 1801-ல், பெரிய மனிதர்கள் முன்னால் பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். ஆனால், அவர் செய்த துப்பாக்கிகளைப் பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது, பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. காட்டியதெல்லாம் முன்கூட்டியே தயார்செய்து கொண்டுபோன சாமான்கள் என்கிறார்கள். சரித்திரப் புகழ்பெற்ற ஸ்பேர் பார்ட்ஸ் கண்காட்சியே டூப்ளிகேட்!

நிஜமான பரீட்சை நூறு வருடம் கழித்து, மோட்டார் வண்டியில் நடந்தது. 1908-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ப்ரூக்லேண்ட்ஸ் ரேஸ் மைதானம். அமெரிக்க ‘காடிலாக்’ கம்பெனியின் கார்கள் மூன்றைக் கொண்டுவந்து, ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆட்கள் கண் முன்னே நட்டு நட்டாகக் கழற்றினார்கள். மூன்று கார்களின் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அது போதாதென்று, அதிலிருந்து 89 பாகங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கடையில் விற்பனைக்கு வைத்திருந்த ஸ்பேர் பார்ட்ஸைப் போட்டார்கள். ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் தவிர வேறு கருவி தரவில்லை. அரம் வைத்து ராவக் கூடாது.

மூன்று கார்களும் மறுபடி எழுந்து நின்றன. ஸ்டார்ட் ஆயின. 500 மைல் ஓடின! அந்த வருட ‘டூவார் டிராஃபி’ கோப்பை காடிலாக்குக்குப் போனது.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். வாங்குகிறவனுக்கு அன்றைக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி என்ன? ‘உன் வண்டியில் எது போனாலும் கவலைப்படாதே. கடைக்குப் போ. ஷெல்ஃபிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். எந்த மெக்கானிக் வேண்டுமானாலும் மாட்டுவான்.’ அதாவது, ஆசாரியின் பட்டறைத் திண்ணையில் காத்திருந்தவனுக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரம்தான் ஸ்பேர் பார்ட்!

விடுதலைப் பத்திரத்தை அடிமைச் சாசனமாக மாற்ற முதலாளிகளுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. ‘வண்டியை ஒருமுறை விற்றுவிட்டால் வாங்கினவன் நம் பிடியில், இனி ரிப்பேரில் கறந்துகொள்ளலாம்’ என்பதுதான் ஆரம்பகால கார் கம்பெனிகளின் மனப்பான்மையாக இருந்தது என்று புட்டுப்புட்டு வைத்தவர் வேறு யாருமில்லை... ஹென்றி ஃபோர்டு! 1922-ல் வந்த அவருடைய சுயசரிதையில், வேறெங்கும் கிடைக்காத பாகம் என்றால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று சக வியாபாரிகளைப் போட்டுத் தாக்கியிருக்கிறார். ஃபோர்டு தர்மப்பிரபு ஒன்றுமில்லை. பாகம் மலிவாகக் கிடைத்தால் வண்டி இன்னும் நிறைய விற்கும் என்கிற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஃபோர்டு 1926-ல் இந்தியாவுக்கும் வந்தது. மதராஸில் வண்டிகளைப் பூட்டி விற்றார்கள். 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கடை விரித்தது. ஆனால், பாகமெல்லாம் கப்பலில் வர வேண்டும். கவுன்டர் இங்கே, குடோன் கடலுக்கு அந்தப் பக்கம்!

இந்த இடத்தில்தான் நம் ஊர் ஆசாமிகள் வருகிறார்கள்.

ஜி.டி.நாயுடுவை உங்களுக்குத் தெரியும். ‘கோயம்புத்தூர் எடிசன்’ என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருக்குத் திருப்பூரோடு இருந்த தொடர்பு பலருக்குத் தெரியாது. 1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்த அவர், படிப்பு ஏறாமல் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? ஏறி ஊரைச் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டார்! அப்புறம் முதல் உலகப் போர் சமயத்தில் திருப்பூருக்கு வந்து பஞ்சு வியாபாரம் செய்தார். நல்ல லாபம். அந்தப் பணத்தோடு பம்பாய் பஞ்சு மார்க்கெட்டுக்குப் போய், அத்தனையும் தொலைத்துவிட்டுத் திரும்பினார். பிறகு ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒரே ஒரு பஸ். அதுதான் யு.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

பஸ்கள் பெருகின. பாகங்களுக்குக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பழனிக்குப் போகிற பக்தர்கள் நடந்துதான் போக வேண்டும். யு.எம்.எஸ். பட்டறை, பாகங்களைச் செப்பனிடவும் செய்யவும் ஆரம்பித்தது. கிராமத்துப் பையன்கள் கடைசலும் வெல்டிங்கும் கற்றார்கள். தொழில் கற்க வருடக்கணக்கு எதற்கு, மாதக்கணக்கு போதாதா என்று கடைசிவரை சண்டை போட்டவர் நாயுடு. அந்தப் பையன்களும், அவர்களிடம் கற்றவர்களும் கொங்கு நாட்டில் மூலைக்கு மூலை ஒரு லேத் போட்டார்கள்.

இன்னொருவர், மதுரைப் பக்கம் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1910-களில் பஸ் விட ஆரம்பித்தவர். அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நேரத்துக்கு வர வேண்டுமானால் வண்டி நடுவழியில் படுக்கக் கூடாது. படுக்கக் கூடாது என்றால் ஒர்க்‌ஷாப்பும் ஸ்பேர் பார்ட்ஸும் கைவசம் வேண்டும். பஸ் கம்பெனி, வண்டி விற்கும் கம்பெனியாகி, பாகம் விற்கும் கம்பெனியாகி, 1960-களில் சென்னை பாடியில் பாகங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளாகவே ஆனது இப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டும் சாதனத்தைச் செய்து சமாளித்தவர்கள் இவர்கள்.

இரண்டு பேருமே வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று ‘ஸ்டாக் இல்லை’யைக் கேட்ட வலி அவர்களுக்குத் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாத கம்பெனிகள் மூட்டை கட்டலாம் என்று அரசாங்கம் கொள்கை வகுக்க, 1953-54 வாக்கில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. அவர்களுடைய வண்டிகள் மட்டும் நம் ரோட்டிலேயே இருந்தன! பாகத்துக்கு எங்கே போவது? சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளும், லேத் பட்டறைகளும்தான் கதி.

அப்புறம் லைசென்ஸ் காலம். கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். புக் பண்ணும்போது பிறந்த குழந்தை, டெலிவரி எடுக்கும்போது ஸ்கூலுக்குப் போகும்! விற்கிறவன் வைத்ததே சட்டம். ஆனால், ஒரு வேடிக்கை பாருங்கள். வண்டி கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கிடைத்த வண்டியை எந்தப் புளியமரத்தடி மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார். இன்று தலைகீழ். வண்டியைக் கையெழுத்துப் போட்ட வேகத்தில் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறார்கள். புஷ்ஷுக்குத்தான் பத்து நாள்!

லேத் பட்டறைப் பெருமை பேசும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ‘டூப்ளிகேட்’ என்கிற வார்த்தைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், ‘இது நான் செய்தது’ என்று சொல்லிக் கொடுக்கிற கடைசல்காரர். இன்னொருவர், கம்பெனி பெயரையும் ஹாலோகிராமையும் ஒட்டி, பாடாவதி சாமானை ஒரிஜினல் விலைக்கு விற்கிற திருடர். கியர் லீவர் புஷ்ஷில் இரண்டாமவர் கைவரிசை காட்டினால் வண்டி நிற்கும். பிரேக் ஷூவில் காட்டினால்? வண்டி நிற்காது! ‘பாதுகாப்புக்காகத்தான் வெளியில் பாகம் கொடுப்பதில்லை’ என்று கார் கம்பெனிகள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அந்த நியாயம் எந்த அளவுக்குப் போகும் என்று ஒரு வழக்கில் உரசிப் பார்த்தார்கள்.

2011 ஜனவரி. நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, திருப்பூரே தலையில் கைவைத்து உட்கார்ந்த மாதம் அது. அதே மாதம் டெல்லியில், இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு தனிமனிதர் ஒரு புகார் கொண்டுபோனார். மூன்று கார் கம்பெனிகளைக் குறிப்பிட்டு, ‘ஒரிஜினல் பாகங்களை இவர்கள் வெளிச்சந்தையில் விற்பதே இல்லை. எதற்கெடுத்தாலும் அவர்களுடைய சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது’ என்றார். விசாரிக்கப் போன அதிகாரிகள், மூன்றோடு நிற்கவில்லை. தோண்டத் தோண்ட, கிட்டத்தட்ட எல்லா கம்பெனியின் கதையும் அதேதான்.

2014 ஆகஸ்ட் 25-ம் தேதி ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம்! பட்டியலில் உள்ளூர்ப் பெருந்தலைகளும் உண்டு, வெளிநாட்டுப் பிரபலங்களும் உண்டு. சில பாகங்களில் விலையை அடக்கத்துக்கு மேல் 5,000 சதவிகிதம் வரை ஏற்றியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. நூறு ரூபாய்ச் சாமான், ஐயாயிரத்து நூறு!

அபராதத் தொகையைவிட முக்கியமானது, அந்தத் தீர்ப்பு சொன்ன ஒரு தர்க்கம். கம்பெனிகள் என்ன வாதாடின தெரியுமா? ‘மார்க்கெட்டில் இத்தனை கார் கம்பெனிகள் போட்டி போடுகின்றன. எங்கள் பாகம் விலை அதிகம் என்றால், ஜனங்கள் வேறு கார் வாங்கிக்கொள்ளலாமே! ஏகபோகம் எங்கே இருக்கிறது?’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை. ஷோரூமுக்குள் நுழையும்போதுதான் உங்களுக்குப் பத்து கம்பெனி. சாவியைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து ஒரே கம்பெனிதான். அந்த கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனி வண்டியில் ஏறாது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் தன் பாகச் சந்தையில் ஏகபோக ராஜாதான் என்று முடிவு கட்டியது. பாகங்களை வெளிச்சந்தையில் விட வேண்டும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளை வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியில் ரிப்பேர் செய்தார் என்கிற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ரத்து செய்யக் கூடாது என்றெல்லாம் உத்தரவு போட்டது.

உடனே எல்லாம் மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் கோர்ட்டுகளுக்கும் போயின. வருடங்கள் ஓடின. உலகம் பூராவும் இதே இழுபறிதான். அமெரிக்காவின் மசாசூஸெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் ஓட்டுப் பெட்டி வைத்தே கேட்டார்கள். ‘என் வண்டியை என் மெக்கானிக் ரிப்பேர் செய்யத் தேவையான தகவலைக் கொடு’ என்று ஜனங்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். இங்கேயும் மத்திய அரசு 2022-ல் ‘ரிப்பேர் உரிமை’க்காக ஒரு குழு போட்டு, அந்த வருட டிசம்பர் 24-ம் தேதி இதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. தேதியைப் பார்த்தீர்களா? 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த அதே தேதி. அதற்கு முன்னால், கடைக்காரரோடு தகராறு என்றால் சிவில் கோர்ட்டில் வக்கீல் வைத்து வருடக்கணக்கில் அலைய வேண்டும். யார் போவார்கள்?

அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ம் வருடச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பிரிவு. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் வாங்கியே ஆக வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வணிகம்தான். தலைக்கு மேலே தொங்குகிற அந்த போர்டுக்குச் சட்டத்தில் இவ்வளவுதான் மரியாதை!

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘‘சரிங்ணா. கேஸ் போடறேன்னே வெச்சுக்குங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நிட்டிங் கம்பெனில ரோல் ஏத்தணுமே... அதுக்கு என்னங் பண்றது?’’ என்றார். என்னிடம் பதில் இல்லை.

சாயங்காலம் அந்த மூன்றாவது கடைக்கே மறுபடி போனோம், அட்வான்ஸ் கட்டிவிடலாம் என்று. கூட்டம் குறைந்திருந்தது. காலையில் முகம் கொடுத்துப் பேசாத கவுன்டர்காரர், இப்போது ஒரு டீ சொன்னார். ‘‘எனக்கு மட்டும் ஆசைங்களா? தினம் நாலு பேரு இந்த புஷ்ஷைக் கேட்டு வர்றாங்க. டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்டக் கேட்டா, ‘தனியா பார்ட் நம்பரே கிடையாது, அசெம்பிளியா எடு’ன்றாங்க. அதையும் ஒண்ணு ரெண்டு குடுக்க மாட்டாங்க, பெட்டியோட எடுக்கோணும். விக்காம நின்னுபோச்சுன்னா திருப்பி வாங்க மாட்டாங்க. அங்க போனா நானும் உங்களாட்டம் நிக்கறவன்தானுங்க’’ என்றார்.

அட்வான்ஸ் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒரு சந்தையும் ஒரு லேத்தையும் அடையாளம் சொன்னார். ‘‘நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.’’

ஒற்றை பல்பு எரிந்துகொண்டிருந்த பட்டறை. அறுபது தாண்டிய பெரியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்பர் காகிதத்தைப் பிரித்து, உடைந்த துண்டுகளை நீட்டினார். பெரியவர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. வெர்னியரையும் தேடவில்லை. மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே வெள்ளை நைலானில் கடைந்த புஷ்கள், ஒரே அளவில், இருபது முப்பது கிடந்தன.

‘‘ஒண்ணு போதுமா, தம்பி? ரெண்டா எடுத்துக்க. மழைக்காலத்துல சீக்கிரம் போயிரும்.’’